திடல், குட்டை, படித்துறை: ஒரு டெல்டா ஊரின் பழந்தடயங்களைப் பதிவு செய்யும் முறை

காவிரிப் படுகையில் கல் விளையாது. கும்பகோணத்துக்குக் கிழக்கே எந்த ஊரில் கிணறு வெட்டினாலும் களி, வண்டல், மணல் இவைதான் வரும். ஆகவே வயல் மூலையில் ஒரு கருங்கல் கிடந்தால், யாரோ மேற்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ பாடுபட்டுக் கொண்டுவந்து போட்ட கல் அது. அதை ஏன் கொண்டுவந்தார்கள் என்று கேட்கத் தொடங்கினாலே பாதி வேலை நடந்துவிடும்.

இந்த மண்ணில் சங்கடமும் உண்டு. ஆறு ஆண்டுதோறும் கொண்டுவந்து போட்ட வண்டல் பழைய தரையை மூடிவிட்டது. சில ஊர்களில் ஒன்றிரண்டு ஆள் ஆழத்துக்குக் கீழேதான் பழைய குடியிருப்பு இருக்கிறது. பெரிய கோயில்கள் அநேகமாகப் பதிவாகிவிட்டன. பதிவாகாமல் கிடப்பவை திடல்கள் என்னும் மேட்டு நிலங்களும் குட்டைக்கரைகளும் இடிந்த செங்கல் மேடுகளும்தான். மனைப்பிரிவுக்கும் சவுடு என்னும் நிரப்பு மண்ணுக்கும் முதலில் போவதும் அவைதான். ஒரு திடலை பொக்லைன் இரண்டு நாளில் வழித்துவிடும். அதற்கு முன்பே அது ஏட்டில் ஏறியிருக்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் கையேடு.

தோண்டுவது நம் வேலையல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அகழாய்வுக்கு அனுமதி வேண்டும், பயிற்சியும் வேண்டும். கடப்பாரையோ மண்வெட்டியோ மெட்டல் டிடெக்டரோ எடுத்துப் போகாதீர்கள். பார்ப்பது, கேட்பது, அளப்பது, எழுதுவது, படம் எடுப்பது: இந்த ஐந்தைக்கொண்டே ஓர் ஊரின் பழமையில் பெரும்பகுதியைப் பதிந்துவிடலாம்.

அலகு எது?

பதிவை எந்த நில அலகின் பெயரில் எழுதுவது என்பதற்கு அயர்லாந்து நல்ல எடுத்துக்காட்டு. அங்கே நிலத்தின் மிகச் சிறிய அலகுக்கு டவுன்லேண்ட் என்று பெயர். தீவு முழுக்க 60,000-க்கும் மேல் இருக்கின்றன. அங்கே 1846-க்குள் ஒரு மைலுக்கு 6 அங்குலம் என்ற கணக்கில் தீவையே படமாக்கி முடித்தபோது ஒவ்வொரு டவுன்லேண்டின் எல்லையையும், அதற்குள் கண்ணில் பட்ட வட்ட மண்கோட்டைகளையும் குறித்தார்கள். ஜான் ஓடோனவன் என்ற அறிஞர் ஊர் ஊராகப் பெயர்களை விசாரித்து எழுதினார். 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகளே தங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு வழக்குகளை நோட்டில் எழுதினார்கள். இன்றும் அந்நாட்டுத் தொல்லியல் பதிவேட்டில் ஒவ்வொரு சின்னத்துக்கும் முகவரி டவுன்லேண்ட் பெயர்தான். ராத், லிஸ் என்று தொடங்கும் ஊர்ப்பெயர் மண்கோட்டையைச் சொல்லும். கில் என்று தொடங்குவது பெரும்பாலும் பழைய தேவாலயத்தைச் சொல்லும். நம்மிடம் மங்கலமும் பள்ளியும் மேடும் செய்கிற வேலையைத்தான் இவை அங்கே செய்கின்றன.

நாம் இதை அங்கிருந்து கடன் வாங்கத் தேவையில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் வெட்டிவைத்த பட்டியல் ஊர் வாரியானது. ஊரின் மொத்த நிலத்தைச் சொல்லி, அதில் வரி நீங்கிய இடங்களாக ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போன வாய்க்கால்கள், சேரிகள், சுடுகாடு என்று ஒவ்வொன்றையும் எண்ணிச் சொல்கிறது. நமக்கு வேண்டிய படிவம் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தயார். நம் அலகு வருவாய்க் கிராமம். ஒவ்வொரு தடயத்துக்கும் முகவரி சர்வே எண். ‘அய்யனார் கோயில் பக்கத்தில்’ என்று எழுதினால் இருபது ஆண்டு கழித்து ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. ‘சர்வே 87/2’ என்று எழுதினால் முடியும்.

வீட்டிலிருந்தே முடிக்க வேண்டியது

மூன்று காகிதங்கள் வேண்டும்: கிராம வரைபடம், அ-பதிவேடு (ஊர் நிலங்களின் சர்வே எண்ணும் வகையும் உள்ள ஏடு), தேவைப்படும் புல எண்களின் எஃப்.எம்.பி. என்னும் புல அளவுப் படம். அ-பதிவேட்டு விவரமும் எஃப்.எம்.பி.யும் அரசின் நில ஆவண இணையதளத்தில் கிடைக்கும். கிராம வரைபடத்தை வி.ஏ.ஓ.விடம் பார்த்துக்கொள்ளலாம். அ-பதிவேட்டில் நஞ்சை, புஞ்சையைத் தள்ளிவிட்டுப் புறம்போக்கு வரிகளை மட்டும் முதலில் படியுங்கள். நத்தம், குட்டை, குளம், கோயில், சுடுகாடு, திடல் என்று எழுதிய எண்களை வரைபடத்தில் வண்ணம் தீட்டுங்கள். சுற்றிலும் நஞ்சை இருக்க, நடுவில் தனியே ஒரு புஞ்சையோ புறம்போக்கோ இருந்தால் அது அநேகமாக மேடு. நீர் ஏறாத இடம் என்பதால்தான் அது நஞ்சையாகவில்லை. நீர் ஏறாத இடத்தில்தான் முன்னோர் வீடு கட்டினார்கள். பழைய சர்வே எண் என்ற பத்தியையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். பழைய ஆவணங்களோடு இணைக்க அது ஒன்றே வழி.

திடலின் பெயர் அரசுக் காகிதத்தில் வராது. அது கிரயப் பத்திரத்தின் செக்குபந்தியில் இருக்கும். ‘மாளிகைமேட்டுக்கு மேற்கு, பள்ளிவாய்க்காலுக்கு வடக்கு’ என்று நான்கெல்லை சொல்லும்போது பழைய பெயர் அப்படியே வந்து விழும். ஊரில் நாலைந்து வீட்டுப் பழம்பத்திரங்களைக் கேட்டுப் படித்தால் போதும். மாளிகைமேடு, கோட்டைமேடு, செங்கமேடு, சாம்பல்மேடு, தாழிமேடு, உலைத்திடல் போன்ற பெயர்கள் கிடைத்தால் அந்த இடத்தை முதல் நாளே பாருங்கள். மங்கலம் என்று முடிந்தால் பிரமதேயம் (பிராமணருக்குக் கொடுத்த ஊர்), பள்ளி என்றால் சமண பௌத்தத் தொடர்பு என்று அவசரப்பட்டு எழுதிவிட வேண்டாம். பெயர் ஒரு குறிப்பு மட்டுமே. சான்று வேறு வேண்டும்.

அடுத்தது கல்வெட்டு. மத்திய கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கைகள் 1887-லிருந்து ஊர் வாரியாகப் பட்டியல் தருகின்றன. இங்கே பலர் ஏமாறுவது மாவட்டப் பெயரில். அன்றைக்குத் திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் கிடையாது. எல்லாம் தஞ்சாவூர் ஜில்லா. நன்னிலம், மாயவரம், பாபநாசம், மன்னார்குடி என்று பழைய தாலுகாவின் கீழ் தேடுங்கள். உங்கள் ஊரில் கல்வெட்டு இல்லாவிட்டாலும் பக்கத்து ஊர்க் கல்வெட்டில் உங்கள் ஊர் எல்லையாக வந்திருக்கலாம். நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த செப்பேடு 21 ஏடுகள் கொண்டது. பெண்யானையை நடத்தி எல்லை வகுத்து, எந்த வாய்க்கால், எந்த ஊரின் வயல் என்று அது வரிசையாகச் சொல்லிப்போகிறது. அக்காலத்துச் செப்பேடுகள் பலவற்றில் இந்தப் பிடிசூழ்தல் உண்டு. அந்த வாய்க்கால்களில் சில இன்றும் அதே பெயரில் ஓடுகின்றன. வளநாடு என்னும் சோழர் கால நிலப்பிரிவின் பெயரும் உதவும்: அரிசிலுக்கும் காவிரிக்கும் நடுவே உய்யக்கொண்டார் வளநாடு என்று ஆற்றைக்கொண்டே வகுத்திருக்கிறார்கள்.

கடைசியாக, கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களை ஓட்டிப் பாருங்கள். பிப்ரவரி முதல் மே வரையிலான படங்களே பயன்படும். தண்ணீர் நிற்கும் மாதங்களில் எல்லா வயலும் ஒரே பச்சை, ஒன்றும் தெரியாது.

எப்போது போவது

சம்பா, தாளடி அறுப்பு முடிந்து, உளுந்து பயறும் எடுத்த பிறகு, மேட்டூர் திறப்பதற்கு முன். வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12 என்பதால் ஏப்ரல் கடைசியிலிருந்து மே முழுவதும் நம் காலம். அதிலும் சிறந்த நாள், கோடை உழவு ஓட்டிய வயலில் ஒரு மழை பெய்து இரண்டு நாள் காய்ந்த பிறகு. ஏர் புரட்டிய பழைய பானை ஓடுகளை மழை கழுவி வைத்திருக்கும். கட்டி மண்ணில் புழுதியோடு கிடக்கும் ஓடு ஒரு முழத்தில் இருந்தாலும் கண்ணில் படாது.

உளுந்து நிற்கும்போதும் ஒருமுறை போய்ப் பாருங்கள். மண்ணுக்கடியில் செங்கல் சுவர் இருந்தால் அதன்மேல் நிற்கும் செடி வேர் இறங்காமல் முதலில் வாடும். தூர்ந்த பழைய வாய்க்கால், குட்டை மேல் நிற்பது கடைசிவரை பச்சையாக இருக்கும். மஞ்சள் நேர்கோடாகவோ சதுரமாகவோ தெரிந்தால் மாடியிலிருந்தோ தண்ணீர்த் தொட்டி மேலிருந்தோ படம் எடுத்து வையுங்கள். அயர்லாந்தில் 2018 கோடை வறட்சியில், கி.மு. 3200 அளவில் எழுந்த நியூகிரேஞ்ச் கல்லறைக்குச் சற்றுத் தள்ளி, அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு பெரிய வட்ட அமைப்பு பயிரின் நிற வேறுபாட்டில்தான் வெளிப்பட்டது. டிரோன் வைத்திருந்த இருவர் கண்டார்கள். நம்மூர் உளுந்தும் அதே வேலையைச் செய்யும்.

யாரைக் கேட்பது

கோயில் குருக்களையும் பெரிய பண்ணையாரையும் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புவதே பொதுவாக நடக்கும் தவறு. மண்ணைக் கையால் தொட்டவர்களுக்குத்தான் மண் தெரியும். நடவு நடும் பெண்கள், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டி, கிணறு வெட்டினவர், குழி எடுக்கிறவர், பொக்லைன் ஓட்டுநர், சூளைக்கு மண் எடுத்தவர், ஆடு மேய்ப்பவர். எல்லாத் தெருவுக்கும் போங்கள். காலனிக்குப் போகாமல் எழுதிய ஊர்ப்பதிவு பாதிப் பதிவுகூட இல்லை.

‘இங்க பழைய பொருள் ஏதாச்சும் இருக்கா?’ என்று கேட்டால் ‘அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க’ என்றுதான் வரும். புதையல் தேடி வந்தவர் என்று நினைப்பார்கள். வேலையை வைத்துக் கேளுங்கள். ‘பெரியம்மா, நடவு நடுறப்ப எந்த வயல்ல கால்ல ஓடு குத்தும்?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘அய்யே, அந்த மேலக்குண்டுல கால வைக்க முடியாது’ என்று வயலையே காட்டுவார்கள். ‘அண்ணே, குளம் தூர் வாரினப்ப எந்தப் பக்கத்துல வாளி தட்டிச்சு?’ என்று ஓட்டுநரிடம் கேளுங்கள். ஏர் தட்டும் இடம், வண்டி இறங்கும் இடம், மழைக்குப் பின் தண்ணீர் சட்டென உள்வாங்கும் இடம் இவற்றைக் கேட்டு சர்வே எண்ணோடு எழுதுங்கள். சொன்னவர் பேரை எழுத அவரிடமே அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் ‘நடவுத் தொழிலாளர், வயது 60-க்கு மேல்’ என்று எழுதினால் போதும்.

‘அந்தத் தோப்புல கை வெச்சா அய்யனார் சும்மா விடமாட்டாரு’ என்று சொல்லும் இடத்தைக் கட்டாயம் குறியுங்கள். அயர்லாந்தில் குட்டித் தேவதைகளின் கோட்டை என்ற பயத்தால்தான் ஆயிரக்கணக்கான மண்கோட்டைகள் ஏருக்குத் தப்பின. இங்கே பிடாரியும் அய்யனாரும் அப்படிக் காத்த திடல்கள் உண்டு.

வயலில் நடக்கும் முறை

கையில் வேண்டியவை: 30 மீட்டர் டேப், படத்தில் வைக்க 10 செ.மீ. அளவுகோல், நோட்டு, பென்சில் (பேனா வியர்வையில் கரையும்), நான்கு முளையும் கயிறும், டார்ச், மெல்லிய பிரஷ், ஜி.பி.எஸ். செயலியுள்ள கைபேசி. நிலக்காரரிடம் வாய்வழியாகவாவது அனுமதி. தனியாகப் போகவேண்டாம், இருவராகப் போங்கள்.

வரப்பை ஒட்டித் தொடங்கி 10 மீட்டர் இடைவெளியில் நேர்கோடாக நடங்கள். ஒரு வேலி (ஏறக்குறைய 2.7 ஹெக்டேர்) நிலத்துக்கு ஏறக்குறைய 2.7 கி.மீ. நடை வரும், நிதானமாக நடந்தால் இரண்டு மணி நேரம். காலை ஏழு மணிக்குள் இறங்குவது நல்லது. சாய்ந்த வெயிலில் ஓட்டின் நிழல் விழும். வெயில் உச்சிக்கு வந்துவிட்டால் ஓடும் கட்டியும் ஒன்றுபோலத் தெரியும். ஓடு தெரியத் தொடங்கியதும் 20 மீட்டருக்கு ஒருமுறை கயிற்றால் ஒரு மீட்டர் சதுரம் கட்டி அதற்குள் எத்தனை ஓடு, எத்தனை செங்கல் துண்டு என்று எண்ணி எழுதுங்கள். ஒன்றுமில்லாத சதுரத்துக்கு 0 என்று எழுத வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். 0 எழுதினால்தான் குடியிருப்பு எங்கே முடிந்தது என்பது தெரியும்.

ஜி.பி.எஸ். புள்ளியை எடுக்கும்முன் இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். வெட்டவெளியில் 3 முதல் 5 மீட்டர் பிசகும். தென்னந்தோப்பில் இன்னும் கூடும். தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் எழுதுங்கள், ஐந்தாம் இலக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர். தோப்புக்குள் செயலியை நம்பாமல் சர்வே கல்லிலிருந்தோ வரப்பு முக்கிலிருந்தோ டேப்பால் அளந்து எழுதுங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் இடக்குறிப்பு அழிந்துவிடும், படமும் சுருங்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்ப வேண்டும்.

ஓட்டை அடையாளம் காண்பது

கருப்பு-சிவப்பு ஓடுதான் எல்லோரும் தேடுவது. உள்புறமும் வாய்ப்பகுதியும் கருப்பு, வெளிப்புறம் சிவப்பு; தொட்டால் வழுவழுப்பு. பானையைக் கவிழ்த்துச் சுட்டதால் காற்றுப் படாத உட்புறம் கருத்தது என்று விளக்குவார்கள். இரும்புக் காலத்திலிருந்து கி.பி. முதல் சில நூற்றாண்டுகள் வரை இது புழங்கியது. ஏமாற்றக்கூடியது அடுப்பில் கரியேறிய நேற்றைய சோற்றுப் பானை. அதில் கரி வெளியே இருக்கும், உள்ளே சிவப்பு. நேர்மாறு. புதிதாக உடைந்த விளிம்பைப் பாருங்கள்: பழைய ஓட்டில் கருப்பு மண்ணுக்குள் ஊடுருவியிருக்கும். அடுப்புக்கரி மேலோடு நின்றுவிடும், ஈரத்துணியால் துடைத்தால் கையில் ஒட்டும்.

மெல்லிய, சாம்பல் அல்லது கரிய நிறத் தட்டின் உட்பக்கத்தில் சக்கரம் சக்கரமாகப் பொடிக்குழி வரிசை தெரிந்தால் அதன் மதிப்பு பெரிது. அது ரௌலட்டட் என்னும் வகை, கடல் வணிகக் காலத்தது. பூம்புகாரிலும் அரிக்கமேட்டிலும் கிடைத்த வகை. வெள்ளையிலோ வெளிர்பச்சையிலோ கண்ணாடிபோல் மினுங்கும் கனத்த பீங்கான் துண்டு சோழர் காலத்துச் சீனச் சரக்காக இருக்கலாம். நீலப்பூப் போட்ட மெல்லிய துண்டு பெரும்பாலும் பிற்காலம். முடிவை நிபுணருக்கு விடுங்கள். ஒரு விரல் கனத்துக்கு மேல் சொரசொரப்பான ஓடு வளைவாகக் கிடந்தால் இறந்தோரைப் புதைத்த தாழியாகவோ, சுடுமண் வளையங்களை அடுக்கிய உறைகிணற்றின் உறையாகவோ இருக்கலாம். உறையென்றால் வளைவு மேலும் கீழும் ஒரே அளவாக நேராக இறங்கும். தாழி அடியில் குறுகும். தாழிகளை வல்லம் பக்கத்துச் செம்மண் மேட்டிலும் புதுக்கோட்டை எல்லையிலும் அதிகம் எதிர்பார்க்கலாம்.

செங்கலை அளக்காமல் விடாதீர்கள். மூன்று அளவும் வேண்டும், முழுக்கல்லாக இருந்தால் மட்டும். சங்க காலக் கல் அகலமாக, தட்டையாக இருக்கும். கனம், அகலம், நீளம் பெரும்பாலும் 1:3:6 விகிதத்தை ஒட்டி வரும். பூம்புகாரை அடுத்த கீழையூரில் 1960-களில் அகழ்ந்த படகுத்துறை அத்தகைய பெருங்கற்களால் ஆனது. மராத்தியர் காலச் சத்திரங்களில் சித்துக்கல் என்னும் கையகலச் சிறு செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் பார்க்கலாம். இன்றைய சூளைக்கல் ஏறக்குறைய 23, 11, 7 செ.மீ.

குழப்பும் பொருட்கள் இரண்டு. இரும்புக் கசடு என்று கொண்டுவருவதில் பாதி அரிசி ஆலைக் கொதிகலன் சாம்பல் கட்டி. கசடு கனமாக இருக்கும், துருச்சிவப்பு படிந்திருக்கும், ஒருபக்கம் ஓடி வழிந்த வடிவம் தெரியும். உமிச்சாம்பல் கட்டி கையில் லேசு. மற்றொன்று செங்கல் சூளையில் வெந்து உருகிய கல். அது பக்கத்தில் பழைய காளவாய் இருந்த இடத்தைக் காட்டுமே தவிர உலைக்களத்தை அல்ல.

ஓட்டைப் படம் எடுத்துவிட்டு எடுத்த இடத்திலேயே வையுங்கள். உலர்ந்த நிலையில் ஒன்று, தண்ணீர் தெளித்து ஒன்று, உடைந்த விளிம்பில் ஒன்று என்று மூன்று படம். வீட்டு அலமாரியில் சேர்ந்த நூறு ஓட்டைவிட, கிடந்த இடத்தோடு எழுதிய பத்து ஓடு பயன்படும். மறுநாள் பொக்லைன் வருகிற இடம் என்றால் மட்டும், நிலக்காரர் சம்மதத்தோடு, வாய்ப்பகுதியும் கீறலுள்ள துண்டும் எடுத்து, பைக்குள்ளும் வெளியிலும் எண்ணும் சர்வே எண்ணும் எழுதித் தொல்லியல் துறையிடம் ஒப்படையுங்கள்.

இன்னொன்று: அந்த மண் அந்த இடத்து மண்தானா? டெல்டாவில் மண் நடக்கும். குளத்து வண்டலை வயலுக்கு அடிப்பார்கள். நத்தமேட்டு மண்ணை உரமென்று வெட்டிப்போவார்கள். சவுடு எடுத்து மனைக்கு நிரப்புவார்கள். ஓடு மேல்மண்ணில் மட்டும் சிதறி, திட்டுத்திட்டாக இருந்தால் சந்தேகப்படுங்கள். டிராக்டர் ஓட்டியவரைக் கேட்டு மண் வந்த ஊரை எழுதுங்கள்.

வெட்டு முகம்

குளம் தூர்வாரும்போதும் வாய்க்கால் அகலப்படுத்தும்போதும் கரையில் புதிதாக ஒரு மண்சுவர் தெரியும். டெல்டாவில் இதைவிட நல்ல சன்னல் கிடையாது. தண்ணீர் வந்துவிட்டால் போய்விடும், ஆகவே அன்றைக்கே போங்கள். சுவரின் மேலிருந்து டேப்பைத் தொங்கவிட்டு, நேர் எதிரே நின்று படம் எடுங்கள். பூஜ்யம் எங்கே என்பதில் கவனம்: கரைமேட்டின் தலை அல்ல, பக்கத்து இயல்பான தரை. கரை என்பது பின்னால் கொட்டிய மண். அதிலிருந்து அளந்தால் ஆழம் அரை ஆள் உயரம் பிசகிவிடும். கரிய சாம்பல் பட்டை, ஓட்டு வரிசை, செங்கல் வரிசை, தூய மணல் இவற்றின் மேல்விளிம்பு, கீழ்விளிம்பு இரண்டையும் செ.மீ.யில் எழுதுங்கள். சுவரைச் சுரண்டாதீர்கள். உதிர்ந்த மண்ணைப் பிரஷால் தள்ளினால் போதும். சரிகிற கரை, கீழே குனிந்து நிற்கக் கூடாது.

இந்த ஆழம் ஏன் முக்கியம்? மயிலாடுதுறை அருகே செம்பியன்கண்டியூரில் 2006-ல் ஆசிரியர் ஒருவர் வாழையும் தென்னையும் வைக்கக் கொல்லையில் குழி எடுத்தபோது வழுவழுப்பான கற்கோடரி கிடைத்தது. அதை அவர் உரியவரிடம் சேர்த்ததால்தான் இன்று அது உலகுக்குத் தெரியும். அதிலுள்ள குறிகள் சிந்துவெளிக் குறிகள் என்று கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்தார், ஏற்காத அறிஞர்களும் உண்டு. நட்ட குழியில் வந்த பொருள் என்பதால் அது எந்த மண்ணடுக்கில், எந்த ஓட்டோடு கிடந்தது என்ற கேள்விக்கு அந்தக் கல்லை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. குழி எடுக்கும்போது ஒரு டேப்பும் ஒரு படமும் இருந்தால் போதும், அடுத்த கண்டெடுப்புக்கு அந்தக் குறை வராது.

கற்கள்

படித்துறையில் துணி துவைக்கும் கல், மதகின் பக்கக் கல், தெருமுனைச் சுமைதாங்கி, மாட்டுக்கொட்டகை வாசற்படி, செக்கு, இவை எல்லாவற்றையும் ஒரு நாள் முழுக்கச் சுற்றிப் பாருங்கள். சூலம் பொறித்த கல் சிவன் கோயில் நிலத்தின் எல்லைக்கல். சக்கரம் பொறித்தது பெருமாள் கோயில் நிலத்துக்கு. முக்குடை என்றால் சமணப் பள்ளிக்கு. எல்லைக்கல் இன்னும் நட்ட இடத்திலேயே இருந்தால் அதை அசைக்கவே கூடாது. எழுந்து நிற்கும் இடம்தான் அதன் செய்தி. மரத்தடியில் அமர்ந்த நிலையில் சிலை இருந்து, ஊரார் ‘ரிஷி’ என்றோ ‘செட்டியார்’ என்றோ கும்பிட்டால் உற்றுப் பாருங்கள். சோழநாட்டில் இப்படிப் பல புத்தர்கள் வேறு பெயரில் வழிபாட்டில் இருக்கிறார்கள். வழிபாட்டை மாற்ற முயலாதீர்கள். படமும் அளவும் போதும்.

கல்வெட்டைப் படமெடுக்க நல்ல நேரம் இரவு. டார்ச்சை எழுத்துக்கு நேரே பிடிக்காமல், சுவரோடு ஒட்டினாற்போல இடப்பக்கத்திலிருந்து அடியுங்கள். பகலில் வெறுங்கல்லாகத் தெரிந்தது வரி வரியாக எழும். பிறகு மேலிருந்து, வலப்பக்கத்திலிருந்து. ஒவ்வொரு படமும் முந்தைய படத்தோடு பாதிக்கு மேல் மேற்கவிந்து வரட்டும். ஒவ்வொன்றிலும் அளவுகோல் இருக்கட்டும். சுவர் முழுக்க ஒரு படம், எந்தத் திசைச் சுவர், அடித்தளத்தின் எந்த அடுக்கு (குமுதமா ஜகதியா பட்டிகையா) என்று குறிப்பு. கருவறையைப் படமெடுக்காதீர்கள், கோயில் அலுவலரிடம் முதலில் எழுத்தில் கேளுங்கள்.

எழுத்து தெரியவில்லை என்று கோலமாவு பூசுவது, சாக்பீஸால் கோடு போடுவது, எண்ணெய் தேய்ப்பது எல்லாமே கேடு. மாவு எறும்பை அழைக்கும்; சாக்பீஸ் போட்டவர் ‘கண்ட’ எழுத்து அடுத்தவர் கண்ணை ஏமாற்றும்; எண்ணெயில் தூசு படிந்து எழுத்து அடைபடும். மைப்படி எடுப்பது நல்ல முறைதான். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி பிரஷால் அடித்து எழுத்துக்குள் இறக்கி, பாதி காய்ந்ததும் மை ஒற்ற வேண்டும். ஈரம் கூடினால் மை கல்லில் இறங்கிக் கறையாகிவிடும். அதைப் பயிற்சி பெற்றவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

முழுதும் படிக்கத் தெரியாவிட்டாலும் முதல் வரி பல சமயம் காலத்தைச் சொல்லிவிடும். ‘மதுரை கொண்ட கோப்பரகேசரி’ என்றால் முதலாம் பராந்தகன். ‘திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்’ என்றால் முதலாம் இராசராசன். ‘திருமன்னி வளர’ என்றால் முதலாம் இராசேந்திரன். ‘புகழ்மாது விளங்க’ என்றால் முதலாம் குலோத்துங்கன். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, ஒற்றைக்கொம்பில் குறில் நெடில் வேறுபாடும் இருக்காது. இதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் நான்கு நாளில் கண் பழகும்.

திருப்பணி அறிவிப்பு வந்த கோயிலை எல்லாவற்றுக்கும் முன்னே பதியுங்கள். மணலை விசையோடு அடித்துக் கல்லைத் துலக்கும் மணல்வீச்சு தடை செய்யப்பட்ட முறை. அது எழுத்தின் விளிம்பைத் தின்றுவிடும். எனாமல் பெயின்ட், டைல்ஸ், தரையை உயர்த்திக் கான்கிரீட் போடுவது இவையும் அதே அளவு தீங்கு. அதிட்டானம் என்னும் அடித்தளத்தின் கீழ்வரிகள் புதைந்துபோன கோயில்கள் டெல்டாவில் ஏராளம். வேலை தொடங்கும்முன் எடுத்த படங்களின் ஒரு பிரதியைத் திருப்பணிக் குழுவிடம் கொடுத்து, ‘இந்தச் சுவரில் எழுத்து இருக்கிறது, தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும்’ என்று பெரியவர்களிடம் பக்குவமாகச் சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள்.

பொருள் வெளிப்பட்டால்

2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்காக மண் எடுத்தபோது 20-க்கும் மேற்பட்ட ஐம்பொன் திருமேனிகளும் 400-க்கும் மேற்பட்ட தேவாரச் செப்பேடுகளும் வந்தன. இத்தகையது எந்த ஊரிலும் எந்த மண்வெட்டியிலும் வரலாம். அப்போது செய்ய வேண்டியதை வரிசையாக மனத்தில் வையுங்கள். வேலையை நிறுத்துங்கள். குழியில் கிடக்கும் நிலையிலேயே படம் எடுங்கள். வெளியே எடுத்தாயிற்று என்றால் நிழலில் துணிமேல் வையுங்கள். கழுவாதீர்கள். பாலும் பன்னீரும் ஊற்றுவது, விபூதி போட்டுத் துலக்குவது, புளி தேய்ப்பது எல்லாம் பக்தியில் செய்வதுதான். ஆனால் புளியின் அமிலம் செம்பின் மேல்தோலை அரிக்கும், ஒட்டியிருந்த மண் சொல்லும் செய்தியும் போய்விடும். கிணற்றில் கிடைத்த செப்புக்காசு புளியில் பளபளத்த பிறகு அதில் அரசனும் இல்லை, எழுத்தும் இல்லை.

சட்டம் தெளிவானது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் என்றாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு கடந்த சிலை, காசு போன்றவை தொல்பொருள். நடைமுறையில் வி.ஏ.ஓ. வழியாகத் தாசில்தாருக்குப் போகும். இரண்டு பிரதி எழுதி ஒன்றில் தேதியோடு ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். என்ன பொருள், எத்தனை, எந்த நாள், எந்த சர்வே எண், எவ்வளவு ஆழம், இப்போது யாரிடம் இருக்கிறது: இந்த ஆறும் இருந்தால் கடிதம் முழுமை.

பதிவு எப்படி இருக்க வேண்டும்

ஒரு மாதிரி:

‘பதிவு எண் 14. சர்வே 87/2, புஞ்சை, பட்டா நிலம். ஊர் வழக்கில் செங்கமேடு. சுற்று வயலைவிட ஏறக்குறைய 1.2 மீ. உயரம், கிழக்கு மேற்கு 60 மீ., தெற்கு வடக்கு 45 மீ. மே 9, காலை 6.40. உழுத நிலம், முந்தாநாள் மழை. சதுரம் 1-ல் ஓடு 23, செங்கல் 4. சதுரம் 2-ல் ஓடு 31. சதுரம் 5-ல் 0. கருப்பு-சிவப்பு ஓடு 3, படம் 41 முதல் 49 வரை. முழுச் செங்கல் இல்லை. தென்மேற்கு மூலையில் சவுடு எடுத்த பள்ளம், புதிது. பார்த்தவர் இருவர். ஐயம்: வடபக்க ஓடுகள் குளத்து மண்ணோடு வந்திருக்கலாம்.’

கண்டது ஒரு பக்கம், ஊகம் மறுபக்கம். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். ‘சோழர் கால அரண்மனை மேடு’ என்று எழுதினால் அந்த ஏட்டை நிபுணர் மூடிவைத்துவிடுவார்.

துல்லியமான இடக்குறிப்பை முகநூலிலோ யூடியூபிலோ போடவேண்டாம். ‘மேட்டில் பழைய பொருள்’ என்று ஒரு வீடியோ போனால் அந்த வாரமே இரவில் குழி விழும். பொதுவில் ஊர்ப்பெயரோடு நிறுத்துங்கள். முழுப்பதிவை மூன்று பிரதியாக்குங்கள்: ஒன்று மாநிலத் தொல்லியல் துறைக்கு, ஒன்று தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கல்வெட்டு, தொல்லியல் துறைக்கு, ஒன்று ஊர்ப் பள்ளியிலோ நூலகத்திலோ. படங்களைப் பென்டிரைவில் மட்டும் நம்பி வைக்காமல், முக்கியமான இருபதையாவது தாளில் அச்சிட்டு, பின்புறம் பென்சிலால் பதிவு எண் எழுதி ஏட்டோடு தைத்துவிடுங்கள். அடுத்த மே மாதம் அதே திடல்களை மறுபடி நடந்து, எது குறைந்திருக்கிறது என்று அதே எண்ணின் கீழ் தேதி போட்டு எழுதுங்கள்.